அடுப்படிக்கு வந்த தராசு

மூன்று மிஷலின் நட்சத்திரங்கள் வாங்கிய ஒரு சமையற்காரர் 2006-இல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்து, பிரிட்டிஷ்காரர்கள் வாரம் தவறாமல் சாப்பிடும் சாதாரண உணவுகளைச் சமைத்துக் காட்டத் தொடங்கினார். முழுக்கோழி ரோஸ்ட், பீட்சா, சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும், ஸ்டேக், ஸ்பகெட்டி போலொனேஸ், ஃபிஷ் அண்ட் சிப்ஸ், பிளாக் ஃபாரஸ்ட் கேக், ட்ரீக்கிள் டார்ட் என முதல் தொடரில் எட்டு. மறு ஆண்டு மேலும் எட்டு. ஒவ்வொன்றையும் இதற்கு மேல் சிறப்பாகச் செய்யவே முடியாது என்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது அவர் தமக்கு வைத்துக்கொண்ட பணி. அதற்காக அவர் கையில் எடுத்த கருவிகள் பார்த்தவர்களைச் சிரிக்க வைத்தன. சாக்லேட்டுக்குள் காற்றுக்குமிழ் ஏற்ற, வீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனர். மாட்டு விலா இறைச்சியை வாட்ட புளோ டார்ச். கோழித்துண்டுக்குள் மசாலா எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க எம்ஆர்ஐ ஸ்கேனர்.

சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஹெஸ்டன் ப்ளூமெந்தாலின் அந்த இரண்டு தொடர்களையும் இன்றைக்கு விலகி நின்று பார்த்தால், இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கின் நடுவில் அவை இருப்பது தெரிகிறது. சமையலில் எது உண்மை என்று யார் சொல்வது? தலைமுறை தலைமுறையாகச் சமைத்த கையா, பரிசோதனைக்கூடமா? இந்த வழக்கில் விஞ்ஞானத்தின் பக்கம் எப்போதும் சரியாக இருந்ததில்லை. அடுப்படிக்குள் நுழைந்த விஞ்ஞானிகளிலேயே பெரும்புகழ் பெற்றவர்தான் இறைச்சிச் சமையலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தவறான வழியில் திருப்பிவிட்டார்.

அவர் யூஸ்டஸ் வான் லீபிக். கரிம வேதியியலின் தந்தையரில் ஒருவர், ஜெர்மானியர். இறைச்சியின் சாற்றில்தான் அதன் சத்தெல்லாம் இருக்கிறது, முதலிலேயே கடும் சூட்டைக் காட்டினால் மேற்பரப்பு இறுகிச் சாறு வெளியேறாமல் உள்ளேயே அடைபடும் என்று 1847-இல் வெளியான தம் உணவு வேதியியல் நூலில் அவர் வாதிட்டார். சொன்னவர் லீபிக் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அதுவரை ஐரோப்பியச் சமையலறைகளில் இறைச்சியை நெருப்பிலிருந்து தள்ளி வைத்து மெல்ல வேகவிட்டு, கடைசியில் கிட்டே கொண்டுபோய்ச் சிவக்கவைக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. லீபிக்குக்குப் பிறகு அது தலைகீழானது. முதலில் சுள்ளென்று வாட்டு, பிறகு வேகவை. 1903-இல் பிரெஞ்சுச் சமையலுக்கு இலக்கணம் வகுத்த எஸ்கோஃபியேயும் அதையே எழுதினார். அடுத்தடுத்து வந்த சமையல் புத்தகங்கள் அதைப் பார்த்து எழுதின. லீபிக்கின் பெயரில் 1865-இல் ஒரு நிறுவனம் தோன்றி, உருகுவேயின் ஃபிரே பென்டோஸ் நகரில் மாடுகளை வெட்டி, இறைச்சிச் சாற்றைக் காய்ச்சிப் புட்டியில் அடைத்து உலகெங்கும் விற்றது. கோட்பாடு தவறு, வியாபாரம் அமோகம்.

அந்தக் கோட்பாட்டைப் பொய்யென்று காட்ட ஒரு தராசு போதும். வாட்டிய துண்டையும் வாட்டாத துண்டையும் சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டால் வாட்டிய துண்டு ஒன்றும் அதிகச் சாற்றைக் காப்பாற்றுவதில்லை. சிலசமயம் கூடுதலாகவே இழக்கிறது. சூடான சட்டியில் இறைச்சி விழுந்ததும் கேட்கும் ‘ஸ்ஸ்’ என்ற ஓசையே நீர் வெளியேறி ஆவியாகும் ஓசைதான். 1930-களிலேயே அமெரிக்காவில் எடைபோட்டுப் பார்த்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். சமையலறைகள் காதில் வாங்கவில்லை. வாட்டிய இறைச்சி சுவையாக இருப்பது வேறு காரணத்தால். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான மணங்களை உண்டாக்கும் வினை அது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மையார் 1912-இல் அதை விவரித்தார். நாக்குக்குப் பிடித்துப்போனதால் சமைத்தவர்கள் காரணத்தைச் சோதிக்கவில்லை. தவறான விளக்கங்கள் நீண்ட ஆயுளோடு வாழ்வது பெரும்பாலும் இப்படித்தான்.

லீபிக்கை இறக்கி வைத்த புத்தகம் 1984-இல் வந்தது. எழுதிய ஹெரால்டு மெக்கீ ஓர் அமெரிக்கர். கவிஞர் கீட்ஸைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய இலக்கிய மாணவர். உணவும் சமையலும் பற்றிய அவரது பெரிய நூல், சமையலறையின் ஒவ்வொரு நம்பிக்கையையும் வேதியியல் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அது இங்கிலாந்தில் இருபது வயதைச் சுற்றிய ஓர் இளைஞனின் கையில் கிடைத்தது. ப்ளூமெந்தால் 1982-இல் பெற்றோருடன் பிரான்சின் ப்ரோவான்ஸ் பகுதிக்குப் போய், அங்கே ஓர் உயர்ந்த உணவகத்தில் சாப்பிட்ட நாளிலிருந்து சமையற்காரராக வேண்டும் என்று இருந்தவர். ஆனால் சமையற்பள்ளிக்குப் போகவில்லை. ரேமண்ட் பிளாங்கின் சமையலறையில் ஒரு வாரம் நின்றதோடு சரி. பகலில் கடன் வசூல் போன்ற வேலைகள், இரவில் அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுச் சமையல் புத்தகங்கள். வாட்டினால் சாறு அடைபடாது என்ற வரியை மெக்கீயிடம் படித்ததும், இது பொய்யென்றால் மற்றவற்றில் எவ்வளவு பொய் என்ற கேள்வி தமக்குள் விழுந்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். முறையாகப் படிக்காததுதான் அவருக்கு வாய்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெரிய ஷெஃபின் கீழ் பத்து வருடம் ‘ஆமாம் ஷெஃப்’ சொல்லிப் பழகியவருக்கு அந்தக் கேள்வி எழுவது கடினம்.

1995-இல், லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையில் உள்ள பிரே என்ற சிற்றூரில் ஒரு பழைய பப்பை வாங்கி ‘தி ஃபேட் டக்’ உணவகத்தைத் திறந்தார். பின்னாளில் அங்கே முட்டை-பேக்கன் ஐஸ்கிரீமும், காதில் கடலலை ஓசையைக் கேட்டுக்கொண்டே சாப்பிடும் மீனும் பரிமாறப்பட்டன என்பதால், ஆரம்பத்தில் அது ஸ்டேக்கும் சிப்ஸும் போடும் எளிய பிரெஞ்சு பிஸ்ட்ரோ என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2004-இல் மூன்றாவது நட்சத்திரம், 2005-இல் உலகின் சிறந்த உணவகம் என்ற பட்டம் எல்லாம் வந்தன. ஆனால் அவருடைய ஆராய்ச்சிக்குத் தொடக்கம் உருளைக்கிழங்கு சிப்ஸ். கடை திறப்பதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில், வீட்டில் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிப்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் சொல்லும் சிப்ஸ் நாம் பாக்கெட்டில் வாங்கும் சீவல் இல்லை. விரல் தடிமனில் வெட்டிப் பொரித்த துண்டுகள். அதன் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததே. எண்ணெயிலிருந்து எடுத்த நிமிடம் மொறுமொறுப்பாக இருக்கும், தட்டுக்கு வந்து சேர்வதற்குள் துவண்டுவிடும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வந்து, மேலோட்டைக் குழையவைக்கிறது. முதலில் மிதமான எண்ணெயிலும் பிறகு கடும் சூட்டிலுமாக இரண்டு முறை பொரிப்பது பெல்ஜியமும் பிரான்சும் அறிந்த பழைய வழி. ப்ளூமெந்தால் அதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்த்தார். கிழங்குத் துண்டுகளைக் கழுவி மாவைப் போக்கி, தண்ணீரில் உடைந்து விழும் நிலை வரைக்கும் மெல்ல வேகவைப்பது. அந்த நிலையில் துண்டின் மேற்பரப்பெல்லாம் விரிசல் விட்டிருக்கும். கை நடுங்காமல் கம்பித் தட்டில் எடுத்து வைத்து, ஆவி போகவிட்டு, குளிரில் வைத்து ஈரத்தை இழுக்க வேண்டும். பிறகு 130 டிகிரி எண்ணெயில் ஒருமுறை. மறுபடி குளிர். கடைசியில் 180 டிகிரியில் பொன்னிறம் வரும்வரை. விரிசல்களுக்குள் எண்ணெய் புகுந்து பொரியும்போது மேலோடு கண்ணாடிபோல் இறுகுகிறது, உள்ளே மாவு பஞ்சாக நிற்கிறது.

கிழங்கையும் சும்மா எடுப்பதில்லை. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் என்று கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், மாவுச்சத்து அடர்ந்தது மூழ்கும், ஈரப்பிசுக்கு மிகுந்தது மிதக்கும். மெக்கீயின் புத்தகத்திலேயே இருக்கிற சோதனை இது. பொரிக்க வேண்டியது மூழ்கும் ரகம். இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர் என்பார்கள்.

இந்தச் செய்முறையில் புரியாத வேதியியல் எதுவுமில்லை. வீட்டுச் சமையலறையில் ஒரு தெர்மாமீட்டரும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். ப்ளூமெந்தாலின் எல்லாப் படைப்புகளிலும் இதுவே மிஞ்சப்போவது என்பது என் கணிப்பு. அவருடைய உணவகத்தின் புகைமூட்டமும் நைட்ரஜன் ஆவியும் போன பிறகும் ஒரு நல்ல சிப்ஸ் இருக்கும்.

மீனில் அவர் கொஞ்சம் தடம் மாறினார். மாவுக்கரைசலில் பாதி பீர், பாதி வோட்கா. ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம், 78 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும். தண்ணீர் குறைவதால் கோதுமையின் பசைத்தன்மையும் அதிகம் உருவாகாது. கரைசலை சோடா சைஃபனில் ஊற்றி வாயு ஏற்றிப் பீய்ச்சினால், பொரிந்த மேலோடு நுரைத்து உடையும். இவ்வளவும் சரி. ஆனால் அதற்குள் வைத்த மீன் டர்பட். பிரிட்டிஷ் கடல்மீன்களில் விலை உச்சத்தில் இருக்கும் மீன்.

ஃபிஷ் அண்ட் சிப்ஸின் வரலாறு தெரிந்தவருக்கு இது உறுத்தும். பொரித்த மீனை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் வந்த யூதர்கள். அதோடு சிப்ஸைச் சேர்த்து விற்ற முதல் கடை, லண்டன் கிழக்குப் பகுதியில் 1860 வாக்கில் ஜோசப் மாலின் என்ற யூதர் தொடங்கியதா, லங்காஷயரின் மாஸ்லியில் 1863 வாக்கில் ஜான் லீஸ் போட்டதா என்று இன்றும் தீராத சண்டை. நீராவி மீன்பிடிக் கப்பலும் ரயிலும் வந்து, வடகடல் மீன் மலிவாக ஆலைநகரங்களை அடைந்தது. பகல் முழுக்க ஆலையில் நின்ற பெண்ணுக்கு மாலையில் அடுப்பு மூட்டாமல் குடும்பத்துக்குச் சூடாகச் சாப்பாடு போட வழி கிடைத்தது. 1920-களின் இறுதியில் சுமார் 35,000 கடைகள் இருந்தன. தொழிலாளர் புரட்சி வராமல் தடுத்தவற்றுள் இதையும் ஒன்றாகக் கணக்கில் வைத்து 1937-இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ரேஷன் வந்தபோதும் அரசு இதைத் தொடவில்லை. இப்படிப்பட்ட பண்டத்தின் நிறைவு, டர்பட் வாங்கக்கூடியவரின் தட்டில்தான் இருக்கிறது என்றால், தேடியது அதே பண்டத்தைத்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

ப்ளூமெந்தாலுக்கும் அது எங்கோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். அத்தனை அளவீடுகளுக்கும் பிறகு அவர் கடைசியாகச் செய்தது, ஊறுகாய் வெங்காயம் கிடந்த வினிகரை சென்ட் புட்டியில் ஊற்றிச் சாப்பிடுபவர் முன்னால் தெளித்தது. சின்ன வயதில் சிப்ஸ் கடைக்குள் நுழைந்தால் வரும் வாசனை அது. நிறைவு என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று அவரே ஒப்புக்கொண்டவர்தான். தெர்மாமீட்டர் எட்டாத இடத்தில் ஞாபகத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அளவுகோலை முதலில் அடுப்படிக்குக் கொண்டுவந்தவருடைய நோக்கம் வேறு. பெஞ்சமின் தாம்சன், பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு, 1753-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயருக்கு உளவு பார்த்தவர், பிறகு பவேரிய ஆட்சியாளரின் ஆலோசகர். 1790-இல் மியூனிக் தெருக்களில் இருந்த பிச்சைக்காரர்களைப் பிடித்து வேலைக்கூடத்தில் போட்டு, பார்லியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மிகக் குறைந்த செலவில் வயிறு நிரப்பும் சூப்பைக் கணக்கிட்டுத் தயாரித்தார். குறைந்த விறகில் எரியும் அடுப்பையும் வடிவமைத்தார். ஏழைகளுக்காகக் கணக்குப் போட்டாரா, அரசுச் செலவைக் குறைக்கப் போட்டாரா என்று கேட்டால், இரண்டும்தான். அவருடைய சோதனைகளில் ஒன்று தற்செயலாக நடந்தது. உருளைக்கிழங்கு உலர்த்தும் பெட்டியின் மிதமான சூட்டில் ஆட்டின் முன்னங்கால் சப்பையை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரம் கழித்தும் வேகவில்லை. வெறுத்துப்போய் வேலைக்காரப் பெண்களிடம் விட்டுவிட்டுப் போனார். அவர்கள் அதை இரவு முழுக்க அங்கேயே விட்டு வைத்தார்கள். காலையில் பார்த்தால் அவர் அதுவரை சாப்பிடாத பதத்தில் இறைச்சி தயாராக இருந்தது. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் சமைக்கும் முறையை ரம்ஃபோர்டின் பெயரில்தான் வரலாறு வைத்திருக்கிறது. இரவெல்லாம் அப்படியே விட்ட அந்தப் பெண்களின் பெயர் எதிலும் இல்லை.

ப்ளூமெந்தாலின் ஸ்டேக் அதே வழியில் வந்ததுதான். விலா இறைச்சியின் மேற்பரப்பைப் புளோ டார்ச்சால் வாட்டுகிறார். சாற்றை அடைப்பதற்காக அல்ல. மேலே இருக்கும் கிருமியைக் கொன்று மணத்தைத் தொடங்கி வைப்பதற்காக. அதன் பிறகு 50 டிகிரி ஓவனில் ஒரு பகலும் ஓர் இரவும் போல இருக்கும். அந்தச் சூட்டில் இறைச்சியின் சொந்த நொதிகளே தசையை இளக்கிவிடுகின்றன. கோழியையும் உப்புநீரில் ஊறவைத்து, தாழ்ந்த சூட்டில், உள்ளே 60 டிகிரி எட்டும்வரை வேகவிட்டு, கடைசியில் சட்டியில் சிவக்க வைக்கிறார். பச்சையாக இருக்காதா என்று பயப்படுவோருக்குக் கிருமியியல் பதில் வைத்திருக்கிறது. 70 டிகிரியில் இரண்டு நிமிடம் செய்யும் வேலையை 60 டிகிரியில் 45 நிமிடம் செய்துவிடும் என்பது பிரிட்டிஷ் உணவுப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. முதலில் மெல்ல, கடைசியில் சிவக்க. லீபிக் வருவதற்கு முன்பு சமையலறைகள் செய்துகொண்டிருந்ததுதான் இது. நூற்றைம்பது வருடச் சுற்றுக்குப் பிறகு, கையில் டிகிரிக் கணக்கோடு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இடையில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. நிக்கோலஸ் குர்ட்டி, புடாபெஸ்டில் 1908-இல் பிறந்த யூதர். ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனவர். 1956-இல் தனிச்சுழிக்கு மேலே ஒரு டிகிரியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை குளிரை இறக்கிக் காட்டிய இயற்பியலாளர். அவர் 1969 மார்ச்சில், ரம்ஃபோர்டு 1799-இல் தோற்றுவித்த அதே ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் ஏறி, சமையலறையில் இயற்பியலாளர் என்று ஓர் உரை நிகழ்த்தினார். பன்றி இறைச்சியின் பாதியில் அன்னாசிச் சாற்றை ஊசியால் ஏற்றி இளக்கிக் காட்டினார். வெளியே பனிக்கட்டியாகவும் உள்ளே சூடாகவும் இருக்கும் ஓர் இனிப்பை மைக்ரோவேவில் உண்டாக்கினார். வெள்ளி கிரகத்தின் வளிமண்டலச் சூட்டை அளக்கத் தெரிந்த நாகரிகத்துக்குத் தன் வீட்டு ஸூஃப்லேக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லையே என்பது அன்று அவர் வருத்தம். அவை சிரித்தது. அவர் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

குர்ட்டியும் பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸும் மெக்கீயும் 1992-இல் சிசிலித் தீவின் எரிச்சே நகரில் சமையற்காரர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். இப்படி ஒரு கூட்டம் வேண்டும் என்று முதலில் கிளப்பியவர் எலிசபெத் தாமஸ். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சமையற்பள்ளி நடத்திய ஆசிரியை. கணவர் இயற்பியலாளர் என்பதால் அவரோடு மாநாடுகளுக்குப் போய்வந்தவர். பின்னர் வந்த பல வரலாறுகளில் ஆண்கள் மூவரும் இருக்கிறார்கள், இந்த அம்மாளை அடிக்குறிப்பில்தான் தேட வேண்டியிருக்கிறது.

எர்வே தீஸ் ஆயிரக்கணக்கில் சமையலறைச் சொற்களைச் சேர்த்து ஒவ்வொன்றாகச் சோதித்தவர். 1980-இல் ஒரு பத்திரிகைக் குறிப்பில் முட்டைக்கருவை இரண்டிரண்டாகச் சேர்க்கச் சொல்லியிருக்க, அவசரத்தில் மொத்தமாகப் போட்டு ஸூஃப்லே கெட்டுப்போனதில் தொடங்கியது அந்தப் பழக்கம். நம் வீடுகளிலும் இப்படி நிறையச் சொற்கள் உண்டே. புளி விட்டால் பருப்பு வேகாது என்பார்கள், சரி. அமிலம், செல்சுவரை ஒட்டிவைக்கும் பெக்டினை இளகவிடாது. கடுத்த கிணற்றுத் தண்ணீரில் வேகாது என்பார்கள். அதுவும் சரி, அங்கே கால்சியம் அந்த வேலையைச் செய்கிறது. உப்புப் போட்டால் வேகாது என்பார்கள், இது நிற்காது. உப்பு கரைத்த தண்ணீரில் ஊறிய பயறு சீக்கிரமே மெத்தென்று வேகிறது. மூன்றையும் சொன்னது ஒரே பாட்டியாக இருக்கலாம், ஒரே உறுதியோடு சொல்லியிருக்கலாம். எது நிற்கும் எது விழும் என்று சொல்பவரின் குரலை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ப்ளூமெந்தாலும் இதே சிக்கலில்தான் பிரிஸ்டல் பல்கலைக்கழக இயற்பியலாளர் பீட்டர் பார்ஹாமைப் போய்ப் பிடித்தார். பச்சை பீன்ஸை வேகவைக்கும்போது உப்புப் போட்டால்தான் நிறம் மாறாது என்பது பிரெஞ்சுச் சமையலின் கட்டளை. உப்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, தண்ணீரைப் பார் என்றார் பார்ஹாம். கால்சியம் குறைந்த தண்ணீரில் பீன்ஸ் பச்சையாகவே நின்றது.

சில இடங்களில் பரிசோதனை, ஏற்கெனவே தெரிந்த கையைப் போய்த் தொட்டது. ஸ்பகெட்டிக்கான இறைச்சிக் குழம்பில் வெங்காயத்தோடு அன்னாசிப்பூ சேர்த்து வதக்கினால் இறைச்சிச் சுவை தூக்கலாகிறது என்பது ப்ளூமெந்தாலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. காரணமும் இருக்கிறது: வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்களோடு அன்னாசிப்பூ கூடும்போது பிறக்கும் மணம் இறைச்சியின் மணத்துக்கு மிக நெருக்கம். சீனச் சமையற்காரர்கள் வெகுகாலமாக அப்படித்தான் இறைச்சியைக் காய்ச்சுகிறார்கள். நம் ஊர் பிரியாணி மாஸ்டரிடம் சொன்னால் இதற்கா இவ்வளவு ஆராய்ச்சி என்பார். ஆனாலும் ஏன் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. பதில் கிடைத்தால்தான் அதை இன்னொரு குழம்புக்குக் கொண்டுபோக முடியும்.

என் சண்டை, இந்தப் பண்டங்களுக்கு மாறாத ஒரு ‘கிளாசிக்’ வடிவம் உண்டு என்பதோடுதான். ஸ்பகெட்டி போலொனேஸையே எடுங்கள். போலோனியா நகரத்துக்காரர்கள் அந்த இறைச்சிக் குழம்பை ஸ்பகெட்டியோடு பரிமாற மாட்டார்கள், தட்டையான தால்யதெல்லெயோடுதான். அது வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் தீர்மானித்து, தங்கத்தில் ஒரு மாதிரியைச் செய்து வணிகச் சபையில் வைத்தார்கள். குழம்பின் செய்முறையை 1982-இல் அதே சபையில் பதிவு செய்தார்கள். ஒரு பண்டத்துக்குப் பத்திரம் எழுதினால் அதன் சொந்தக்காரர்கள் அது கைநழுவிப் போவதாகப் பயந்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். உலகமோ ஸ்பகெட்டியோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

சிக்கன் டிக்கா மசாலா இன்னும் வேடிக்கை. 2001-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அதை உண்மையான தேசிய உணவு என்று அறிவித்தார். 2009-இல் கிளாஸ்கோ எம்.பி. ஒருவர் அது எங்கள் ஊர்ப் பண்டம், சட்டப் பாதுகாப்பு கொடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். பெஷாவரிலிருந்து பிரிவினையின்போது வந்து டெல்லி தர்யாகஞ்சில் மோத்தி மஹாலைத் திறந்தவர்களின் தந்தூரி அடுப்பும், பிரிட்டனில் பெரும்பாலும் இன்றைய பங்களாதேஷின் சில்ஹெட்டிலிருந்து வந்தவர்கள் நடத்திய கறிக் கடைகளும், குழம்பு இல்லாமல் சாப்பிடத் தெரியாத பிரிட்டிஷ் வாடிக்கையாளரும் சேர்ந்து உருவாக்கியது அது. இதன் நிறைவைத் தேடித்தான் ப்ளூமெந்தால் எம்ஆர்ஐக்குள் கோழியை அனுப்பினார். தயிர் கலந்தால் மசாலா நன்றாக உள்ளே இறங்குகிறது என்று படம் காட்டியது. ஏன் என்று படம் சொல்லவில்லை. தயிரில் ஊறவைப்பதை இந்தியச் சமையலறைகள் எப்போதோ தொடங்கிவிட்டிருந்தன. அரை நூற்றாண்டு வயதுகூட நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு பண்டத்துக்கு இறுதி வடிவம் எங்கே இருந்து வரும்?

2011-இல் லண்டன் ஹைட் பார்க் ஓரத்தில் அவர் திறந்த ‘டின்னர்’ உணவகத்தில் இதற்கு ஒருவகைப் பதில் இருக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பழைய சமையலறைகளை ஆராயும் வரலாற்றாளர்களோடு உட்கார்ந்து, பழைய ஆங்கிலச் சமையல் குறிப்புகளிலிருந்து மெனுவை எடுத்தார். ஒவ்வொரு பண்டத்தின் பக்கத்திலும் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், ‘சுமார்’ என்ற சொல்லோடு. சோறும் இறைச்சியும், சுமார் 1390. அது இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்தது. ஆரஞ்சுப்பழம்போல் தோற்றம் தரும் ஈரல் உருண்டை, சுமார் 1500. அந்த 1390 குறிப்புகளில் பெரும்பாலும் அளவு கிடையாது, நேரம் கிடையாது. சமைக்கத் தெரிந்தவர் சமைக்கத் தெரிந்தவருக்கு எழுதியவை. அவற்றை வைத்துக்கொண்டு நிறைவைப் பற்றிப் பேச முடியாது, இன்றைய கை எப்படிச் செய்கிறது என்று மட்டுமே பேசலாம். தொலைக்காட்சித் தொடர்களைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

சிப்ஸ் வேறு பாதையில் போய்விட்டது. பிரிட்டிஷ் பப்களின் மெனுவில் ‘மூன்று முறை சமைத்தது’ என்ற அடைமொழி இன்று சர்வசாதாரணம். செய்முறைக்கு யாரும் காப்புரிமை எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. கிழங்கை உப்புநீரில் போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர், உடைந்து விழும்வரை வேகவிடும் துணிச்சல் எத்தனை பேருக்கு என்பது வேறு விஷயம். சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த பொட்டலமாகவே கிடைக்கிறது. வாங்கி வந்து ஓவனில் வைத்து எடுத்தால் போதும். பொட்டலத்தின் மேல் சூடும் நிமிடமும் அச்சடித்திருக்கும், எதையும் அளக்க வேண்டியதில்லை.